நாய் ஊசிக்கான பணத்தைச் சேமிப்பில் போடலாமா?

கேள்வி: கம்பத்தில் வசிக்கிறோம். நானும் மனைவியும் குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறோம். வீட்டில் ஒரு பெரிய நாட்டு நாயும் இரண்டு மாதக் குட்டியும் இருக்கின்றன. இரண்டுக்கும் எல்லா ஊசிகளையும் போடச் சொல்கிறார் தனியார் மருத்துவர். அவை வாசலைத் தாண்டுவதே இல்லை. அந்தப் பணத்தை அஞ்சலக ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) சேர்க்கலாமா?

பதில்: ஆர்.டி. தொடங்குங்கள், ஆனால் ஊசிப் பணத்தைக் கொண்டு வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே செலவாகக் கூட்டிப் பார்ப்பதால்தான் தொகை மலைப்பாகத் தெரிகிறது. வெறிநோய்க்கான ஊசி வேறு. பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்), டிஸ்டெம்பர் (மூச்சையும் நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய்) முதலிய நோய்களுக்கான கூட்டு ஊசி வேறு.

வெறிநோய் ஊசி தனியாரிடம் போட்டாலும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் நாளையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுவார்கள். குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் போட்டு, பிறகு மருத்துவர் குறிக்கும் தேதிகளில் தொடர வேண்டும். இதில் மிச்சம் பிடிப்பதை எந்த வருமானக்காரருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அறிகுறி தோன்றிவிட்டால் மனிதர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்தான் என்றாலும், தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போக வேண்டியிருப்பதால், காய் பறிப்புக் காலத்தில் கூலி போகிறதே என்று ஒரு தவணையைத் தள்ளிப்போடத் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. (ஊசி போட்ட நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போயாக வேண்டும்.)

குட்டிக்கான கூட்டு ஊசிக்குத்தான் உங்கள் கைப்பணம் தேவை. வாசலைத் தாண்டாத குட்டிக்கும் பார்வோ வரும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடந்து செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வந்துவிடும். நேரடி மருந்து இல்லாததால் நாள்கணக்கில் குளுக்கோஸ் ஏற்ற நேரிடும்; அச்செலவு ஊசி விலையைப் போலப் பல மடங்கு. காப்பீடும் கைகொடுக்காது, ஊசியால் தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு, ஊசி போடாத நாய் என்றால் பொதுவாக இழப்பீடு தருவதில்லை.

கூட்டு ஊசியை இப்போதே தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் போடுவதால் செலவும் பிரிந்தே வரும். அஞ்சலக ஆர்.டி. ஐந்தாண்டுக் காலத்துக்கானது, ஆண்டுச் செலவுக்குப் பொருந்தாது. அதை மாதம் 200 ரூபாய் குறைத்துத் தொடங்கி, அந்த 200 ரூபாயை வங்கியில் 12 மாத ஆர்.டி.யாகப் போட்டால், அடுத்த ஆண்டு ஊசிகளுக்கு 2,400 ரூபாயும் வட்டியும் தயாராக இருக்கும்.

ஊசிச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். நாயைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடு) கொண்டுபோய் வளர்க்க நினைத்தால், கேரளத்தில் உள்ளாட்சி உரிமம் பெற அது வேண்டும்.