ஜான் ஜேயின் பயோடேட்டாவை எப்படிப் படிக்க வேண்டும்?

"மகள் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. ஒரு மாதம் நீதிபதி என்கிறாள், மறுமாதம் வெளியுறவுப் பணி என்கிறாள். கேட்டால், அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதி ஜான் ஜே இரண்டும் செய்தாரே என்று வாதாடுகிறாள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தகவல் சரிதான். 1777-ல் நியூயார்க் மாநிலத் தலைமை நீதிபதி, 1778-ல் காங்கிரஸின் (போராடிய மாநிலங்களின் பொது அவை) தலைவர், 1779-ல் ஸ்பெயினுக்குத் தூதர், 1782-ல் பாரிஸில் பிரிட்டனுடன் சமாதானப் பேச்சு, 1784 முதல் வெளியுறவுச் செயலர், 1789-ல் நாட்டின் தலைமை நீதிபதி, 1794-ல் லண்டனுக்குத் தூதர், 1795-ல் நியூயார்க் ஆளுநர். பதவிப் பெயர்களை மட்டும் வரிசையாகப் படித்தால் யாருக்கும் தலை சுற்றும். புதிதாகப் பிறந்த நாடு, படித்த ஆட்கள் குறைவு. அதனால் ஒரே ஆளை எல்லா நாற்காலியிலும் உட்கார வைத்தார்கள். அந்தச் சூழல் இன்று யாருக்கும் கிடைக்காது. ஒவ்வொரு பதவியிலும் அவர் கை என்ன வேலை செய்தது என்று மகள் பார்த்தால்தான் பயன்.

அடித்தளம் எளிமையானது. சிறுவயதில் நியூ ரோஷெல் ஊரில் பிரெஞ்சு பேசும் பாதிரியார் வீட்டில் தங்கிப் படித்ததால் அந்த மொழி காதில் ஏறியது. 1764-ல் கிங்ஸ் கல்லூரியில், இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பட்டம். (பட்டம் வாங்கும் தறுவாயில் கல்லூரி மேசையை உடைத்த நண்பர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து, அப்படிச் சொல்லியே ஆகவேண்டும் என்று கல்லூரி விதியில் இல்லை என்று வாதாடி, இடைநீக்கமும் ஆனார். பெற்றோர் கவனத்துக்கு!) பிறகு பெஞ்சமின் கிஸ்ஸம் என்ற வக்கீலிடம் குமாஸ்தா. பத்திரம், மனு, ஒப்பந்தம் என்று நகல் எடுத்தே நாள் போகும். 1768-ல் வக்கீலாகப் பதிவு. அடுத்த ஆண்டே நியூயார்க், நியூஜெர்சி எல்லைத் தகராறைத் தீர்க்க அமைந்த குழுவுக்குச் செயலர் வேலை. எல்லைக் கோடு, பழைய சாசனம், இரு தரப்பு வாதம் எல்லாவற்றையும் முதலில் பழகியது அங்கேதான். பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகள் ஒரே வரியில் தாண்டிப்போகும் இந்த வேலையை நான் முக்கியமாகச் சொல்வேன். 1777-ல் நியூயார்க்கின் முதல் அரசியல் சாசன வரைவில் பெரும்பகுதி அவர் கையில் உருவானதும் இந்தப் பழக்கத்தின் பலன்தான்.

அடுத்தது ஸ்பெயின். பெரிய பதவி, கையில் ஒன்றுமில்லை. ஸ்பெயின் அரசவை அவரை முறைப்படி தூதராக ஏற்கவேயில்லை. அவர் அங்கே காசு புரட்டும் முன்பே, 1,00,000 பவுண்டு அளவுக்கு அவர் பெயரில் உண்டியல் (இன்னார் பணம் தருவார் என்று எழுதிய சீட்டு) எழுதி விற்கலாம் என்று காங்கிரஸ் தீர்மானித்துவிட்டது. உண்டியல்கள் ஒவ்வொன்றாக அவர் வாசலுக்கு வந்தன. இரண்டரை ஆண்டு அலைந்து கிடைத்த கடன் ஏறத்தாழ 1,70,000 டாலர். வெளியுறவுப் பணி என்றால் விருந்தும் கைகுலுக்கலும் என்று மகள் நினைத்தால், இந்த ஆண்டுகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

பாரிஸில்தான் வக்கீல் புத்தி வேலை செய்தது. பிரிட்டன் தரப்பில் பேச வந்தவர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட். ஜே முதலில் கேட்டது அவருடைய அதிகாரப் பத்திரத்தை. அதில் எதிர்த்தரப்பு 'குடியேற்றங்கள்' என்று குறிக்கப்பட்டிருந்தது. குடியேற்றத்தோடு பேசினால் விடுதலை என்பது பிரிட்டன் தரும் சலுகை; நாட்டோடு பேசினால் அது ஏற்கனவே உள்ள உண்மை. இது வெறும் வார்த்தை, போகட்டும் என்றார் அமெரிக்கத் தரப்பில் உடன் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின். ஜே அசையவில்லை. 1782 செப்டம்பரில் 'பதின்மூன்று ஐக்கிய மாநிலங்கள்' என்று எழுதிய புதுப் பத்திரம் வந்தபிறகே பேச்சு தொடர்ந்தது. நவம்பர் 30-ல் முதற்கட்ட உடன்பாடு, 1783 செப்டம்பர் 3-ல் இறுதிக் கையெழுத்து. இதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த இடைவெளியில், பிரிட்டன் வசம் இருந்த ஜிப்ரால்டர் கோட்டையை ஸ்பெயினும் பிரான்சும் முற்றுகையிட்டது தோற்று பிரிட்டனின் கை ஓங்கியது. தாமதிக்காமல் பேசியிருந்தால் இன்னும் அதிகம் கிடைத்திருக்கும் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. என் கணிப்பில் ஜே செய்ததே சரி. ஆனால் மகள் இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

இனி நீதிபதி வேலை. 1790 பிப்ரவரி 1-ல் நியூயார்க்கில் உச்ச நீதிமன்றம் கூட இருந்தது. ஆறு நீதிபதிகளில் போதிய பேர் வந்து சேரவில்லை. மறுநாள்தான் கூட முடிந்தது. விசாரிக்க ஒரு வழக்கும் இல்லை. தலைமை நீதிபதிக்கு ஆண்டுச் சம்பளம் 4,000 டாலர். உண்மையான உழைப்பு சாலையில்தான்: 1789 சட்டப்படி நீதிபதிகள் ஆண்டுக்கு இரண்டு முறை மாவட்டம் மாவட்டமாகப் போய்ச் சுற்று நீதிமன்றம் நடத்த வேண்டும். குதிரை வண்டி, சேற்றுப் பாதை, கிடைத்த சத்திரத்தில் படுக்கை. 1793-ல் அந்தச் சுமையைப் பாதியாகக் குறைத்தார்கள். அதே ஆண்டில் வந்த சிஷம் வழக்கில், வேறு மாநிலத்துக் குடிமகன் ஜார்ஜியா மீது வழக்குப் போடலாம் என்று ஜே பெரும்பான்மையோடு தீர்ப்பளித்தார். மாநிலங்கள் கொதித்தன, 1795-ல் பதினோராவது திருத்தம் அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது.

சிக்கல் எங்கே என்றால், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்ததில்தான். 1792-ல் தலைமை நீதிபதியாக இருந்துகொண்டே ஆளுநர் தேர்தலில் நின்றார். ஆட்ஸிகோ மாவட்ட ஓட்டுகளை, அவற்றை அனுப்பிய ஷெரிப்பின் பதவிக்காலம் முடிந்துவிட்டது என்று தள்ளினார்கள்; வேறு இரு மாவட்ட ஓட்டுகளும் தள்ளுபடி. தோற்றார். 1793-ல் ரிச்மண்டில், அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் வணிகர்களுக்குத் தர வேண்டிய பழைய கடன் பற்றிய வழக்கைக் கேட்க அமர்ந்தார். வழக்கின் முடிவு தங்கியிருந்தது, பத்தாண்டுக்கு முன் அவரே பேசி முடித்த பாரிஸ் உடன்படிக்கையின் மேல். அதே ஆண்டு ஆகஸ்டில், அதிபர் வாஷிங்டனின் அரசு 29 சட்டக் கேள்விகள் அனுப்பியபோது, வழக்காக வராததற்கு நீதிமன்றம் கருத்துச் சொல்லாது என்று நீதிபதிகள் மறுத்தார்கள். இவ்வளவு தெளிவாகக் கோடு போட்ட ஜே, எட்டே மாதத்தில் பதவியை விடாமல் தூதராக லண்டன் போனார். செனட்டில் 18-க்கு 8 என்று ஒப்புதல் கிடைத்தது; எதிர்த்தவர்கள் கேட்டதும் இந்த முரண்பாட்டைத்தான்.

லண்டன் ஒப்பந்தத்தின் கையெழுத்து 1794 நவம்பர் 19. பிரிட்டன் பிடித்து வைத்திருந்த வடமேற்குக் கோட்டைகளை 1796 ஜூனுக்குள் காலி செய்ய ஒப்புக்கொண்டது. கடன், எல்லை, கப்பல் பறிமுதல் ஆகியவற்றைக் கூட்டு ஆணையங்களிடம் விட்டார்கள். இன்றைய சர்வதேச நடுவர் முறையின் வேர் அது. 13-வது பிரிவு, இந்தியாவில் பிரிட்டிஷ் வசம் இருந்த துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்தது. அப்படியானால் மதராசும் அதில் அடக்கம். சறுக்கியது 12-வது பிரிவு: மேற்கிந்தியத் தீவுகளுக்கு 70 டன்னுக்கு மேற்படாத கப்பல்தான் போகலாம், பதிலுக்கு அமெரிக்கா சர்க்கரை, காபி, பருத்தி ஏற்றுமதியை நிறுத்த வேண்டும். செனட் அதை நீக்கிவிட்டு 20-க்கு 10 என்று, மூன்றில் இரண்டு பங்கு கச்சிதமாக, நிறைவேற்றியது. தெருவில் ஜேயின் உருவ பொம்மை எரிந்தது. ஒரு காரணம் அவர் கையில் இல்லை: நடுநிலை நாடுகளின் ஆயுதக் கூட்டணியில் அமெரிக்கா சேராது என்று நிதிச் செயலர் ஹாமில்டன் முன்பே பிரிட்டிஷ் தூதரிடம் சொல்லிவிட்டார். துருப்புச்சீட்டு வெளியே போனபின் மேசையில் என்ன பேச?

ஊர் திரும்பியபோது ஆளுநராகத் தேர்வாகியிருந்தார். தலைமை நீதிபதி பதவியை விட்டார். 1800 இறுதியில் அதே பதவி மறுபடி வந்தது, செனட்டும் ஒப்புதல் கொடுத்தது. நீதிமன்றத்துக்கு வலுவும் கண்ணியமும் இல்லை என்று எழுதி மறுத்துவிட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஜான் மார்ஷல் 34 ஆண்டுகளில் அதை நாட்டின் கனமான பதவியாக்கினார்.

உங்கள் மகளுக்கு வருவோம். இப்போதே ஒன்றைத் துறக்கத் தேவையில்லை. எந்தக் கதவு முதலில் மூடும் என்று பார்த்தால் போதும். குடிமைப் பணித் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 32 வயது வரம்பு, 6 வாய்ப்பு. உயர் நீதிமன்ற நீதிபதிக்குப் பத்தாண்டு வக்கீல் தொழிலோ நீதித்துறைப் பணியோ வேண்டும். தூதரகத்தில் கழியும் ஆண்டு அதில் சேராது. எதிர்த்திசையில் வழி குறுகலாக இருந்தாலும் உண்டு: பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா 1958-ல் அந்தப் பதவியை விட்டபின் அமெரிக்காவுக்கு இந்தியத் தூதராகப் போனார். விட்டபின் என்பதைக் கவனியுங்கள்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை கொடுங்கள். 1794 ஒப்பந்தத்தின் 12-வது பிரிவை எடுத்து, செனட் ஏற்கும்படியும் பிரிட்டன் எழுந்து போகாதபடியும் ஒரே பக்கத்தில் அவள் திருத்தி எழுதட்டும். முதல் வரைவைக் கிழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். நான்காவது வரைவுக்கும் உட்கார்ந்தாளா, இரண்டாவதிலேயே பேனாவை மூடினாளா என்பதை எனக்கு எழுதுங்கள்.