லம்பாங்ல சின்ன ஹோட்டல் புக் பண்ணியாச்சு, கேன்சல் பண்ணிடலாமா?

கேள்வி: எனக்கு 58 வயசு, அவருக்கு 64. ஜனவரில தாய்லாந்து போறோம். பாங்காக்லேருந்து சியாங் மாய் போற வழியில லம்பாங்னு ஒரு ஊர்ல மூணு ராத்திரிக்கு பையன் ரூம் போட்டிருக்கான், ஒரு நாளைக்கு 600 பாட். வியாழக்கிழமை விடிகாலை 5 மணி சுமாருக்கு ட்ரெயின் அங்க போகுமாம், ஞாயித்துக்கிழமை சியாங் மாய் கிளம்பணும். ரிவ்யூ படிச்சா பழைய மர வீடு, லிஃப்ட் இல்ல, யாருக்கும் இங்கிலீஷ் வராது, எட்டு மணிக்கு மேல ஊரே அடங்கிடும்னு போட்டிருக்காங்க. அவருக்கு முட்டி வலி. நான் சுத்த சைவம், முட்டைகூட தொடமாட்டேன். தெரிஞ்சவங்க எல்லாம் அந்த ஊர்ல என்ன இருக்குன்னு கேக்கறாங்க. கேன்சல் பண்ணிட்டு நேரா சியாங் மாய் போயிடலாமா? – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

கேன்சல் பண்ணாதீங்க அக்கா. ஆனா இன்னிக்கே அந்த ஹோட்டலுக்கு ஒரு மெசேஜ் போட்டு ரெண்டு விஷயம் கேட்டுடுங்க. தரைத்தளத்துல ரூம் கிடைக்குமா, விடிகாலைல வந்தா யாராவது கதவு திறப்பாங்களா. ரெண்டுக்கும் சரின்னு பதில் வந்துட்டா மீதி எல்லாம் சமாளிச்சுடலாம், தரைத்தளம் இல்லைன்னு சொல்லிட்டா அப்ப மட்டும் அதே ஊர்ல வேற ஹோட்டல் பாருங்க, ஊர மாத்தாதீங்க. முட்டி வலிக்காரர் மூணு நாள் மரப்படி ஏறி இறங்கக்கூடாது, அந்தப் பழைய வீட்டுப் படியெல்லாம் செங்குத்தா இருக்கும்.

நான் லம்பாங்ல ரெண்டு தடவ தங்கியிருக்கேன், ரெண்டும் இதே மாதிரி சின்ன இடம்தான். முதல் தடவ எனக்கு அந்த ஊர் பிடிக்கவே இல்ல, ஏன்னா பாங்காக்ல இருந்த பழக்கத்துலயே ஒம்பது மணிக்கு எழுந்து, மத்தியான வெயில்ல சுத்தி, ராத்திரி ஒம்பது மணிக்கு சாப்பாடு தேடினேன், பாதிக் கடை சாத்தியாச்சு, ரிசப்ஷன்ல ஆளே இல்ல. ரெண்டாவது தடவ அஞ்சரைக்கு எழுந்தேன், மத்தியானம் தூங்கினேன், ஏழு மணிக்குள்ள சாப்பிட்டேன். ஊரே வேற மாதிரி தெரிஞ்சுது. நீங்க கும்பகோணத்துல இருக்கறவங்க, விடிகாலைல வாசல் தெளிக்கற ஆளுங்கள பாத்தே வளந்திருப்பீங்க, அதனால எனக்கு ஆன கஷ்டம் உங்களுக்கு ஆகாது. ரிவ்யூல எட்டு மணிக்கு ஊர் அடங்கிடும்னு குறையா எழுதியிருக்கறவங்க என்ன மாதிரி முதல் தடவ போனவங்களா இருக்கும்.

முதல்ல அந்த விடிகாலை விஷயம். டிக்கெட்ல ஸ்டேஷன் பேரு நகோன் லம்பாங்னு இருக்கும், நகோன்னா நம்ம நகரம்தான், அதே சமஸ்கிருத வேர்லேருந்து போன சொல்லு. நைட் ட்ரெயின்ல நல்லா தூங்கிட்டு ஸ்டேஷன விட்டுடாதீங்க, கடைசி ஸ்டாப் சியாங் மாய், லம்பாங் நடுவுல வரும், அதனால போன்ல நாலரைக்கு அலாரம் வைங்க, கோச் அட்டெண்டர்கிட்டயும் சொல்லி வைங்க. பாங்காக்ல ஏறற இடமும் இப்ப மாறிடுச்சு, பழைய ஹுவா லம்போங் இல்ல, 2023 ஜனவரிலேருந்து தூர ட்ரெயின் எல்லாம் குருங் தெப் அபிவட் ஸ்டேஷன்லேருந்துதான் போகுது, ரொம்பப் பெருசு, அவரால வேகமா நடக்க முடியாதுன்னா ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க.

இறங்கினதும் ரூம் கிடைக்கும்னு நினைக்காதீங்க, செக் இன் பொதுவா மத்தியானம் 2 மணிதான். புதன்கிழமை ராத்திரிக்கும் சேத்து ரூம் போட்டுட்டா, அதாவது இன்னொரு 600 பாட் கொடுத்துட்டா, போன உடனே படுக்கலாம். உங்க வயசுக்கு இத நான் அழுத்தி சொல்றேன், ராத்திரி முழுக்க ட்ரெயின்ல வந்துட்டு ஒம்பது மணி நேரம் வெளியில உக்காரறது அவரோட முட்டிக்கு ஆகாது. புக் பண்ணும்போதே 'வியாழன் விடிகாலை 5 மணிக்குத்தான் வருவோம்'னு எழுதிடுங்க, இல்லாட்டி புதன் ராத்திரி வரலைன்னு புக்கிங்க தூக்கிடுவாங்க. காசு மிச்சம் பண்ணணும்னா பையெல்லாம் ஹோட்டல்ல வெச்சுட்டு மார்க்கெட் பக்கம் போங்க. விடிஞ்சும் விடியாம பிக்குகள் வெறுங்கால்ல பிச்சைப் பாத்திரத்தோட வருவாங்க, வீட்டு வாசல்ல ஜனங்க மண்டி போட்டு சோறு போடுவாங்க, யாரும் டூரிஸ்டுக்காக செய்யறது கிடையாது. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, முகத்துக்கு நேரா போன நீட்டாதீங்க.

இப்ப ரூம். 600 பாட்டுக்கு அந்த ஊர்ல ஏசி ரூம், பாத்ரூம் உள்ளயே, ரெண்டு தண்ணி பாட்டில், டவல் எல்லாம் எதிர்பார்க்கலாம். ஜனவரில ராத்திரி நல்லா குளிரும், 15 டிகிரி பக்கம் போகும், ஏசியே தேவைப்படாது, ஒரு சால்வை எடுத்துட்டுப் போங்க. ஆனா வெந்நீர் இருக்கான்னு கேட்டே ஆகணும். சுவத்துல சின்னதா ஒரு ஹீட்டர் இருக்கும், அதோட சுவிட்ச் தனியா மேல ஒரு பெட்டில இருக்கும், அத போடாம குளிர்ந்த தண்ணில குளிச்சுட்டு ஹீட்டர் ரிப்பேர்னு நினைச்சுக்கறவங்க நிறைய பேர். பாத்ரூம் முழுக்க ஈரமாயிடும், தடுப்பு இருக்காது, அதனால அவருக்கு வழுக்காத ரப்பர் செருப்பு ஒண்ணு கண்டிப்பா வேணும். டாய்லெட்ல நம்ம ஊர் மாதிரியே பைப் இருக்கும், அந்தக் கவலை வேண்டாம், பேப்பர மட்டும் உள்ள போடாம பக்கத்துக் கூடைல போடுங்க. நம்ம ரெண்டு பின் சார்ஜர் பெரும்பாலும் அப்படியே நுழையும், மூணு பின்னுக்கு அடாப்டர் வேணும். வாசல்ல செருப்பு கிடந்தா நீங்களும் அங்கயே கழட்டிடுங்க.

கட்டில் விஷயத்துல ஒரு குழப்பம் வரும். தாய்லாந்து பாஷைல 'தியாங் தியாவ்'னா ஒத்தக் கட்டில், அதாவது ரெண்டு பேர் படுக்கற ஒரே பெரிய கட்டில், 'தியாங் கூ'ன்னா ரெண்டு தனிக் கட்டில். சிங்கிள்னு பாத்து ஒரு ஆளுக்கானதுன்னு பயப்படாதீங்க. அவர் ராத்திரி கால நீட்டி மடக்கிப் படுக்கணும்னா தியாங் கூ கேளுங்க.

செக் இன் அப்ப பாஸ்போர்ட் கேப்பாங்க, வெளிநாட்டுக்காரங்க தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள இமிக்ரேஷனுக்கு தெரிவிக்கணும்னு அங்க சட்டம், அதுக்குத்தான். போட்டோ எடுத்துட்டு திருப்பிக் கொடுத்துடணும், பாஸ்போர்ட்டையே வெச்சுக்கறேன்னா கொடுக்காதீங்க, அதுக்கு பதிலா பணம் டெபாசிட் கொடுங்க. சாவிக்குன்னு 200, 300 பாட் வாங்கறது சகஜம், அந்த ரசீத பத்திரமா வைங்க. நிறைய சின்ன இடத்துல இந்தியக் கார்டு வேலை செய்யாது, மூணு நாள் செலவுக்கு பணமா வெச்சுக்கங்க, ஏடிஎம்ல வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட்டாவது பிடிப்பாங்க, அதனால எடுத்தா ஒரே தடவையா எடுங்க.

ஒருவேளை வேற ஹோட்டல் பாக்க வேண்டி வந்தா ரிசார்ட்னு பேர பாத்து ஏமாறாதீங்க. தாய்லாந்து உள்நாட்டு ஊர்கள்ல பைபாஸ் ஓரமா வரிசையா பத்து சிமெண்ட் ரூம் கட்டி அதுக்கும் ரிசார்ட்னுதான் பேர் வைப்பாங்க, ரூம் சுத்தமாத்தான் இருக்கும், ஆனா கார் இல்லாம ஒரு டீ குடிக்கக்கூட போக முடியாது. ஒவ்வொரு ரூம் வாசல்லயும் கார மறைக்க திரை தொங்குதுன்னா அது மணிக்கணக்குக்கு விடற இடம், குடும்பத்தோட போறவங்களுக்கு இல்ல. மேப்ல மணிக்கூண்டும் வாங் ஆறும் பாருங்க, அது ரெண்டுக்கும் பக்கத்துல இருந்தா நடந்தே எல்லாம் முடியும்.

சாப்பாடுதான் உங்களோட பெரிய கவலைன்னு புரியுது. கேக்க வேண்டிய சொல்லு 'ஜே'. சைனீஸ் வழியில வந்த சுத்த சைவம் அது, கறி மீன் முட்டை பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டு கூட கிடையாது. ஜே கடைல மஞ்சள் கொடி தொங்கும், அதுல சிவப்புல எழுதியிருக்கறது பாக்க நம்ம 17 மாதிரியே இருக்கும், அந்த 17 கண்ல பட்டா தைரியமா உள்ள போங்க. ஆனா அந்தக் கடைங்க காலைல திறந்து மத்தியானத்தோட மூடிடும், ராத்திரிக்கு நம்பாதீங்க. சாதாரணக் கடைல காய் மட்டும் போட்டுக் கொடுன்னு கேட்டா மீன் சாஸ் ஊத்திடுவாங்க, அவங்களுக்கு அது உப்பு மாதிரி. அப்புறம் ஒண்ணு, தாய்ல கோழிக்கும் முட்டைக்கும் சொல்ற சொல்லு நம்ம காதுக்கு ரெண்டுமே 'கை'ன்னுதான் கேக்கும், எழுத்துல வேற, உச்சரிப்புல மூச்சு வித்தியாசம், நம்மால சட்டுனு சொல்ல வராது. வேண்டாம்னு வாயால சொல்லப் போய் தப்பா ஆகிடும். ஹோட்டல்லயே ஒரு பேப்பர்ல தாய் எழுத்துல 'கறி, மீன், முட்டை, மீன் சாஸ் எதுவும் வேண்டாம்'னு எழுதி வாங்கிக்கங்க, மூணு நாளும் அதக் காட்டுங்க. ஹோட்டல் காலை டிபன் பெரும்பாலும் பன்றிக்கறி போட்ட அரிசிக் கஞ்சி, பிரெட், பாக்கெட் காபி, உங்களுக்கு பிரெட்டும் பழமும்தான் மிஞ்சும். ஒட்டற அரிசிச் சோறு எங்கயும் கிடைக்கும், வீட்டுலேருந்து பருப்புப்பொடி எடுத்துட்டுப் போனா ராத்திரிக்கு அது போதும். காவ் தேன்னு ஒரு பலகாரம் அந்த ஊர்ல பேர் போனது, அரிசிய தர்பூசணிச் சாறுல பிசைஞ்சு காயவெச்சுப் பொரிச்சு மேல வெல்லப்பாகு விடுவாங்க, நம்ம ஊரு அரிசி வடாமும் பொரிவிளங்காயும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி, நிறைய வாங்கிக்கங்க.

அந்த ஊர்ல என்ன இருக்குன்னு கேட்டவங்களுக்கு ஒரு பதில் சொல்லுங்க. பாங்காக் அரண்மனைக் கோயில்ல நீங்க பாக்கப்போற மரகத புத்தர் 1436லேருந்து 1468 வரைக்கும் லம்பாங்லதான் இருந்தார், வாட் பிரா கேவ் தோன் தாவ்ங்கற கோயில்ல. ஊருக்கு வெளியில 18 கிலோமீட்டர்ல வாட் பிரா தாட் லம்பாங் லுவாங், மதில் வெச்ச கோட்டை மாதிரி கோயில், அங்க இருக்கற பெரிய மர விஹாரம் 1476ல கட்டினது, பக்கச்சுவரே கிடையாது, காத்து உள்ள வந்து போயிட்டிருக்கும். ஒரு சின்ன இருட்டு மண்டபத்துல ஸ்தூபியோட நிழல் தலைகீழா விழும், ஹம்பி விருபாட்சர் கோயில்ல கோபுர நிழல் விழுமே அதே மாதிரி. அந்த மண்டபத்துக்குள்ள பெண்கள விடமாட்டாங்க, எனக்கு அது வருத்தமாத்தான் இருந்துது, உங்களுக்கும் இருக்கும், முன்கூட்டியே தெரிஞ்சுக்கங்க. போகவர சொங்தேவ்னு சொல்ற ஷேர் வண்டிய முழுசா பேசிக்கங்க, ஹோட்டல் அம்மாகிட்ட சொன்னா போன் பண்ணி வரவெச்சுடுவாங்க, காத்திருக்கற நேரத்தையும் சேத்து ரேட்ட ஏறறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. படி ஏறணும், அவர் மெதுவா ஏறட்டும், காலைல எட்டு மணிக்குள்ள போனா வெயிலும் இல்ல கூட்டமும் இல்ல.

உங்களுக்கு சனிக்கிழமை சாயங்காலம் அங்க அமையறது நல்லதாப் போச்சு. ஆத்தங்கரைத் தெருவுல காட் கோங் தான்னு ஒரு சந்தை, சனி ஞாயிறு சாயங்காலம் மட்டும் போடுவாங்க. தேக்கு வியாபாரம் கொழிச்ச காலத்துல சீனக்காரங்க, பர்மாக்காரங்க, வெள்ளைக்காரங்க எல்லாம் கட்டின வீடுங்க ரெண்டு பக்கமும் இருக்கும், அதுக்கு நடுவுல ஊர் ஜனமே வந்து சாப்பிட்டு நடந்துட்டிருக்கும். நான் வாங்கினது சேவல் படம் போட்ட கிண்ணம், அந்த ஊர் வெள்ளக் களிமண்ல செய்யறது, சின்னது ரெண்டு எடுத்துக்கங்க, துணிக்குள்ள சுத்தி வெச்சா உடையாது. குதிரை வண்டியும் ஓடுது, இன்னும் அது இருக்கற தாய்லாந்து ஊர் லம்பாங்தான், அவருக்கு நடக்க முடியலைன்னா ஒரு சுத்து போகலாம்.

இங்கிலீஷ் வராதுங்கறதுக்கு பயப்படவே வேண்டாம். போன்ல மொழிபெயர்ப்பு ஆப் போட்டு தாய்லாந்து மொழிய முன்னாடியே டவுன்லோட் பண்ணி வைங்க. வணக்கம் சொல்லும்போது நீங்க சவதி கா, அவர் சவதி கிராப், கைய கூப்புங்க, அது நம்ம வழக்கம்தானே. நான் தங்கின இடத்துல இருந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது, எனக்கு இருமல்னு பாத்துட்டு சாயங்காலம் இஞ்சி வெந்நீர் கொண்டுவந்து வாசல்ல வெச்சுட்டுப் போனாங்க. அத நான் இன்னும் மறக்கல.

ஞாயித்துக்கிழமை சாவிய கொடுத்து டெபாசிட்ட திருப்பி வாங்கிட்டு பகல் ட்ரெயினா பாத்து சியாங் மாய்க்கு ஏறுங்க, பஸ் வேண்டாம். ஜன்னலோரம் உக்காந்தா காடும் மலையும் வரும், அப்புறம் குன் தான் சுரங்கம், 1,352 மீட்டர், 1918ல முடிச்சது. ஜன்னல் திறந்திருந்தா புகை உள்ள வரும், சுரங்கம் வரதுக்கு முன்னாடி மூடிடுங்க.