மீன் குட்டை: கேள்வி உங்களுடையது, பதில் என்னுடையது

(டெல்டாவில் நெல்லோடு மீனும் வளர்க்கும் ஒரு விவசாயி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஒரு ஏக்கர் குட்டை வெட்டிவிட்டேன். தண்ணீர் போர்வெல்லில் இருந்துதான் வருகிறது. எந்த மீன் விடலாம், எத்தனை விடலாம்? பக்கத்து ஊர்க்காரர் ஏக்கருக்குப் பத்தாயிரம் விடச் சொல்கிறார்.
– பாபநாசம் வாசகர்

பத்தாயிரம் வேண்டாம் தம்பி. ஏரேட்டர் (தண்ணீரில் காற்றேற்றும் இயந்திரம்) இல்லாத குட்டைக்கு ஏக்கருக்கு இரண்டாயிரம் போதும். அதிகம் விட்டால் அதிகம் பிடிக்கலாம் என்ற கணக்கு மீனில் செல்லாது. அந்தத் தண்ணீரில் இருக்கிற காற்றும் தீனியும் எத்தனை மீனுக்குக் காணுமோ அத்தனைதான் வளரும். மிச்சமெல்லாம் ஒரு வருஷம் தின்றும் கால் கிலோவைத் தாண்டாமல் நிற்கும். சந்தையில் அதைக் கேட்க ஆள் இருக்காது.

கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒன்றின் தீனியில் மற்றொன்று அதிகமாக வாய் வைக்காது. கூட்டு மீன் வளர்ப்பு என்று சொல்வது இதைத்தான். நான் விடும் கணக்கு: கட்லா 700, ரோகு 600, மிர்கால் 400, புல்கெண்டை 150, சாதாக்கெண்டை 150. வெள்ளிக்கெண்டையை நான் விடுவதில்லை. அதுவும் மேல்தண்ணீர் மீன், கட்லாவின் வயிற்றில் அடிக்கும். விலையும் கட்லாவுக்குத்தான் நல்லபடி கிடைக்கிறது. சாதாக்கெண்டை கரையைக் குடையும், அதனால் 150-க்கு மேல் போகாதீர்கள். புல்கெண்டைக்கு வரப்புப் புல், நேப்பியர் தீவனப்புல், வாழையிலை எது போட்டாலும் சரி.

போர்வெல் தண்ணீரில் ஒரு விஷயம் உண்டு. பூமிக்குள்ளிருந்து வரும்போது அதில் பிராணவாயு அநேகமாக இருக்காது. குழாயை உயரத்தில் கட்டி, தண்ணீர் சிதறி விழும்படி விடுங்கள். ஐந்தடி நிரம்பியதும் ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ சுண்ணாம்பு கரைத்துத் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்துச் சாணியைக் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீர் இளம்பச்சையாக மாற இரண்டு வாரமாவது ஆகும், அதற்கு முன் குஞ்சு வாங்கப் போகாதீர்கள். கையை நீட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழங்கை நனையும் நேரத்தில் உள்ளங்கை மறைந்தால் பதம் சரி. அதற்கு முன்பே மறைந்தால் பச்சை மிஞ்சிவிட்டது, சாணியை நிறுத்துங்கள். முழங்கைக்கு மேலும் உள்ளங்கை தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சாணி வேண்டும்.

குஞ்சு நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. விலை குறைவு என்று கண்ணுக்குத் தெரியாத பொடிக்குஞ்சு வாங்கி நேரே பெரிய குட்டையில் விட்டால் தவளைக்கும் நீர்க்காக்கைக்கும்தான் தீனி போடுகிறீர்கள். தீனிக்குக் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சமபாகம். ஊறவைத்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டிக் குச்சியில் தொங்கவிடுங்கள். பையில் எவ்வளவு மிஞ்சியது என்று சாயங்காலம் பார்த்தாலே மறுநாள் அளவு தெரிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் கட்லா ஒரு கிலோவைத் தொடும். ரோகு முக்கால் கிலோ வந்தால் நல்ல வளர்ச்சி.

ஒவ்வொரு வருஷமும் குஞ்சு வாங்கியே ஆக வேண்டுமா? குட்டையில் சினை மீன் இருக்கிறது, ஆனால் குஞ்சு பொரிக்கவே இல்லை.
– மன்னார்குடி வாசகி

பொரிக்காது அம்மா. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். மழைக்காலத்தில் புதுவெள்ளம் ஓடினால்தான் முட்டை விடும். நிற்கிற தண்ணீரில் சினை பிடிக்கும், ஆனால் முட்டையை வெளியே விடாமல் அப்படியே வற்றிப் போகும். முன்பெல்லாம் ஆற்றில் வலை போட்டுப் பிடித்த குஞ்சுதான் நாடு முழுக்கப் போனது. அதில் எந்த மீனின் குஞ்சு கலந்திருக்கிறது என்று பெரிதாகும் வரை தெரியாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் மீன் விஞ்ஞானிகளான ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் வேறு மீனின் மூளைச் சுரப்பியை எடுத்து, சாறாக்கி, தாய்மீனுக்கு ஊசி போட்டு முட்டை விட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாக வைத்திருக்கிறார்கள். நாம் இன்று ஆயிரம் குஞ்சு எண்ணி வாங்குகிறோம் என்றால் அது அவர்கள் போட்ட ஊசியால்தான். அவர்கள் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

சாதாக்கெண்டை மட்டும் குட்டையிலேயே பாசி மீது முட்டை ஒட்டும். மற்றவற்றுக்கு பவானிசாகர், மேட்டூர், ஆழியாறு, தஞ்சை கரந்தை போன்ற அரசுப் பண்ணைகளில் சொல்லி வையுங்கள். பையில் வரும் குஞ்சை உடனே கொட்டாதீர்கள். பையைக் கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, உங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்த பிறகு விடுங்கள்.

இரண்டு நாள் வானம் மேகம் மூடி மூடாக்காக இருந்தது. விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. கட்லா பத்துப் பதினைந்து செத்துவிட்டது. கடைக்காரர் ஒரு மருந்து கொடுத்தார். போடலாமா?
– புதுக்கோட்டை வாசகர்

மருந்தை எடுத்து வையுங்கள், போட வேண்டாம். இது நோய் இல்லை, மூச்சுத் திணறல். இந்தக் கேள்வி மழைக்காலம் தோறும் வருகிறது, மருந்துக்கும் ஆயிரக்கணக்கில் காசு போகிறது. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

தண்ணீரில் இருக்கிற நுண்பாசி பகலில் வெயில் பட்டால் பிராணவாயுவை விடும். ராத்திரியில் அதுவும் மீனைப் போலவே சுவாசிக்கும். அடியில் மக்குகிற சாணியும் மிஞ்சின தவிடும் தங்கள் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே 24 மணி நேரத்தில் காற்று மிகக் குறைவாக இருப்பது சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான். மூடாக்கு நாளில் பகல் சேமிப்பே இல்லை, ராத்திரிச் செலவு மட்டும் அப்படியே இருக்கிறது. கெண்டை மீனுக்கு லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் பிராணவாயு இருந்தால் நல்லது. மூன்றுக்குக் கீழே போனால் தீனி எடுக்காது, இன்னும் இறங்கினால் மேலே வந்துவிடும். கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் முதலில் விழும். விரால் மட்டும் கவலைப்படாது, அது வெளிக்காற்றைச் சுவாசிக்கிற மீன்.

உடனே செய்ய வேண்டியது: மோட்டாரைப் போட்டு, குட்டைத் தண்ணீரையே எடுத்துத் திரும்ப உயரத்திலிருந்து சிதற விடுங்கள். கரன்ட் இல்லையா, நாலு பேர் இறங்கி மூங்கிலால் தண்ணீரை அடியுங்கள். அடி சேற்றை மட்டும் கலக்காதீர்கள். அன்றைக்குத் தீனி கிடையாது. வெயில் திரும்பும் வரை சாணியும் கிடையாது. இனிமேல் மூடாக்கு என்று தெரிந்தால் முந்தின நாளே தீனியைப் பாதியாக்குங்கள். விடியற்காலை நாலரை மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போங்கள். மீன் வளர்க்கிறவர்களுக்கு அந்த நேரத் தூக்கம் கிடையாது, அதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

ஜிலேபி மீன் வேறு, கிஃப்ட் திலேப்பியா வேறா?
– கரூர் வாசகர்

வேறுதான். நம் ஏரி குளமெல்லாம் நிறைந்திருக்கிற ஜிலேபி 1950-களில் வந்த மொசாம்பிக் திலேப்பியா. தாய் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும். இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்கு வந்துவிடும். அதனால் குட்டை முழுக்கப் பொடி மீனாக நிறைந்து எதுவும் வளராது. கிஃப்ட் என்பது நைல் திலேப்பியாவில் வேகமாக வளர்கிற குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, 1988-இல் தொடங்கி பிலிப்பைன்ஸில் உருவாக்கிய ரகம். வளர்ப்புக்கு ஆண் குஞ்சு மட்டும்தான் விட வேண்டும். அரசு அனுமதி பெற்ற பொரிப்பகத்தில் வாங்குங்கள். உள்ளே வருகிற, வெளியே போகிற வழிகளில் வலை கட்டுவது கட்டாயம்.

ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது. வளர்க்கலாமா?
– சேலம் வாசகர்

கூடாது. இந்தியாவில் தடை செய்யப்பட்ட மீன். வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்குப் போனால் நாட்டு மீனையெல்லாம் தின்றுவிடும். ஈரம் இருந்தால் தரையிலும் நகர்ந்து போகும். கோழிக்கழிவு போட்டு வளர்ப்பதையும் பார்க்கிறோம். விற்கிறவர் மீன் பெயரை மாற்றிச் சொன்னாலும் ஏமாறாதீர்கள்.

வெள்ளைப்புள்ளி நோயில் இறால் போய்விட்டது. குட்டை சும்மா கிடக்கிறது. கொடுவா விடலாமா?
– ராமநாதபுரம் வாசகர்

விடலாம் தம்பி. உப்புத்தண்ணீர், உவர்த்தண்ணீர், நல்ல தண்ணீர் மூன்றிலும் வளரும் மீன் அது. சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே அதைப் பண்ணையில் பொரிக்க வைத்துவிட்டது. ஆனால் ஒன்றை ஒன்று தின்னும். ஒரு பொடிக்குஞ்சு பக்கத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதானால் போதும், விழுங்கிவிடும். நாற்றங்கால் வலையில் வைத்து நாலைந்து நாளுக்கு ஒருமுறை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று நாலு அங்குலம் ஆன பிறகே குட்டையில் இறக்குங்கள். தீனி புரதம் மிகுந்தது, செலவு கையைக் கடிக்கும். கழிவு மீனை வெட்டிப் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும்.

கையில் முதல் குறைவு என்றால் இந்த வருஷம் பால்கெண்டை விடுங்கள். அடிப்பாசியை மேய்ந்தே பாதி வளர்ந்துவிடும், தவிடும் பிண்ணாக்கும் தின்னும், ஒன்றை ஒன்று தின்னாது. எதை விட்டாலும், குட்டையை வற்றவைத்து மண் வெடிக்கும் வரை காயப்போட்டு, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் ஏற்றுங்கள்.