பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் வழக்குகளை நம்பி வக்கீல் ஆகலாமா?

அன்புள்ள ஐயா,

சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை), பென்ஷன் விவகாரங்களைத்தான் எடுத்து நடத்துவேன் என்கிறார். “சிவில், கிரிமினல் என்றால் எனக்குப் புரிகிறது. இதற்கெல்லாம் யார் வக்கீலைத் தேடி வருவார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் வருவார்கள், ஐயா. ஓய்வுபெறும் நாளில் கணக்கு இடித்தால், முப்பது வருட உழைப்பின் பலன் அந்தக் கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். என் கவலை வேறு. ஆரம்ப ஆண்டுகளின் வருமானக் குறைவை உங்கள் குடும்பம் தாங்குமா என்பதை மட்டும் முதலில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மற்றபடி, இந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நல்ல நேரம் அமையாது என்பது என் உறுதியான கருத்து. 2025 நவம்பர் 21 அன்று, சமூகப் பாதுகாப்பு பற்றிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. இ.எஸ்.ஐ., பி.எஃப்., மகப்பேறு, கிராஜுவிட்டி உட்பட ஒன்பது பழைய சட்டங்கள் அதற்குள் அடக்கம். ஊதியம் என்றால் எது என்பதற்கே இப்போது புது விளக்கம் வந்திருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, மீதியை எல்லாம் அலவன்ஸ் என்று காட்டும் வழக்கத்துக்கு அது வரம்பு போடுகிறது. அலவன்ஸ், மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர், ஐந்தாண்டு காத்திருக்காமல் ஓராண்டு வேலைக்கே கிராஜுவிட்டி கேட்கலாம். இவற்றுக்கெல்லாம் இனிமேல்தான் தீர்ப்புகள் குவியப்போகின்றன. முப்பது வருட சீனியரும் உங்கள் மகளும் இந்தப் பிரிவுகளை ஒரே நேரத்தில்தான் படிக்கத் தொடங்குகிறார்கள்.

அதற்காகப் பழைய தீர்ப்புகளை ஒதுக்கிவிட முடியாது. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல, ஊழியரின் உரிமை என்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17-இல் சொன்னது இன்றைக்கும் மனுக்களில் மேற்கோளாக வருகிறது. பி.எஃப். உச்சவரம்போடு நிற்காமல் வாங்கிய முழுச் சம்பளத்தைக் கணக்கிட்டுக் கேட்கும் ‘அதிக பென்ஷன்’ பற்றி 2022 நவம்பர் 4-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, தனியார் துறையில் ஓய்வுபெற்ற எத்தனையோ பேர் விண்ணப்பங்களையும் கணக்குகளையும் சுமந்துகொண்டு ஆலோசனை தேடி அலைந்தார்கள். இரண்டு தீர்ப்புகளையும் உங்கள் மகள் வரி விடாமல் படிக்கட்டும்.

வழக்குகள் ஒரே இடத்தில் நடப்பதில்லை. கிராஜுவிட்டி தொழிலாளர் துறை அதிகாரி முன்பு தொடங்கும். பி.எஃப். ஆணையரின் உத்தரவை எதிர்த்து மத்திய அரசுத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், ராணுவத்தினருக்கு ஆயுதப் படைத் தீர்ப்பாயம், மாநில அரசு ஊழியருக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட். நிறுவனம் திவாலானால் தொழிலாளரின் பி.எஃப். பாக்கிக்காகக் கம்பெனி தீர்ப்பாயம் வரை போக வேண்டிவரும். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியாமல் ஓய்வூதியர் இரண்டு வருடத்தை இழப்பது சாதாரணமாக நடக்கிறது. முதல் நாளிலேயே சரியான இடத்தைச் சொல்லும் வக்கீலின் பெயர், ஓய்வூதியர் சங்கங்களில் தானாகப் பரவும். விளம்பரம் செய்ய அனுமதி இல்லாத தொழிலில் இது பெரிய பலம்.

உங்கள் மகளுக்குக் கணக்கு பிடிக்குமா? இதை மட்டும் நேர்மையாகக் கேளுங்கள். கடைசி மாதச் சம்பளம் 30,000 ரூபாய், வேலை பார்த்தது 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். கிராஜுவிட்டி என்பது வருடத்துக்கு 15 நாள் ஊதியம். மாதத்தை 30 நாளாக வைத்து வகுத்தால் 3,00,000 ரூபாய் வரும். சட்டம் வகுக்கச் சொல்வது 26-ஆல். அப்படிப் பார்த்தால் 3,46,153 ரூபாய். அந்த 46,000 சொச்சம் ஓய்வுபெற்றவருக்குச் சின்னத் தொகை அல்ல. வாதத் திறமையைவிட இந்தக் கண்ணும், பழைய சர்வீஸ் ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் பொறுமையும், வயதானவர் நாலு முறை சொல்வதை ஐந்தாவது முறையும் கேட்கும் குணமும்தான் இங்கே சோறு போடும்.

வருமானத்துக்கு வருகிறேன். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. எல்லா அலுவலகத்திலும் அது கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். நிறுவனத்தில் சட்ட அதிகாரியாகச் சேர்ந்தால் மாதச் சம்பளம் உறுதி. ஆனால் முழுநேரச் சம்பளத்துக்குப் போகிறவர் வக்கீல் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. என்னைக் கேட்டால், முதல் மூன்று வருடம் சர்வீஸ் (அரசு ஊழியர் பணி), லேபர் (தொழிலாளர்) வழக்குகள் இரண்டையும் நடத்தும் சீனியரிடம் இருந்துவிட்டுப் பிறகு கம்பெனியா கோர்ட்டா என்று முடிவெடுப்பது நல்லது. பென்ஷன் மட்டும் போதும் என்று முதல் நாளே கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம். அரசு வேலை வேண்டுமென்றால் பி.எஃப். நிறுவனத்தின் அமலாக்க அதிகாரி, உதவி ஆணையர் பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. இதே படிப்பு அங்கேயும் கைகொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. “வந்த பணத்தில் பத்து சதவீதம் எடுத்துக்கோம்மா” என்று கட்சிக்காரர்களே சொல்வார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. கட்டணத்தை முன்கூட்டியே சொல்லி வாங்கப் பழகட்டும். ஏழை விதவையின் குடும்ப ஓய்வூதிய வழக்கில் கட்டணமே வேண்டாம் என்று சொல்வது அவர் இஷ்டம்.

இந்த விடுமுறையில் அவரை லேபர் வழக்குகள் பார்க்கும் வக்கீல் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்புங்கள். அதற்கு முன், வீட்டில் யாருக்காவது பி.எஃப். இருந்தால் அந்த பாஸ்புக்கை அவரிடம் கொடுங்கள். பென்ஷன் பத்தியில் மாதம் 1,250 ரூபாய் என்று இருந்தால், அது 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பில் 8.33 சதவீதமாக எப்படி வந்தது, 58 வயதில் எவ்வளவு பென்ஷன் வரும் என்று அவர் உங்களுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டட்டும். ஆர்வத்தோடு செய்தால் தயங்காமல் அனுப்பி வையுங்கள். அலுத்துக்கொண்டால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.