கொப்பரா வாடி, லயம், துலாக்கிணறு: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

கொழும்பில் இருந்துகொண்டு ஊரில் உள்ள வளவையும் தோட்டத்தையும் என்ன செய்வது என்று யோசிக்கிறவர்கள்தான் இந்த முறை அதிகம் எழுதியிருக்கிறீர்கள்.

வெள்ளவத்தையில் இருக்கிறோம். சிலாபத்தில் அப்பப்பாவின் தென்னந்தோட்டத்தில் தேங்காயை உலர்த்திக் கொப்பரா ஆக்கிய பழைய கொப்பரா வாடி ஒன்று நிற்கிறது. சுவரெல்லாம் கரி. சுத்தமாக்கிப் பூசி, விருந்தினர் தங்கும் அறையாக்கலாமா?

ஆக்கலாம். ஆனால் எல்லாச் சுவரிலும் உள்ள கரியைச் சுரண்டிவிடாதீர்கள், அந்த வாடியில் என்ன வேலை நடந்தது என்று சொல்வதே அந்தக் கரிதான். உள்ளே போய்ப் பாருங்கள்: மேலே பாக்குமரச் சட்டங்கள் அடித்த தட்டு, அதற்குக் கீழே நெருப்புக்கான குழி. சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வரிசையாக அடுக்கி, ஒரு முனையில் தீ வைப்பார்கள். அது மெதுவாக நகர்ந்துகொண்டே எரியும், புகையும் குறைவு, அதனால்தான் கொப்பரா வெள்ளையாக வந்தது. இந்தத் தட்டையும் குழியையும் ஒரு பகுதியிலாவது அப்படியே விட்டுவிடுங்கள். சுவர் கபுக் கல் (செம்புரைக் கல்) என்றால் சீமெந்து பூசவே வேண்டாம், ஈரம் உள்ளே அடைபட்டுக் கல் உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் சரி. அப்புறம், அங்கே சிரட்டை அடுக்கிய யாராவது இன்னும் ஊரில் இருந்தால் முதலில் அவரிடம் போய்ப் பேசிப் போனில் பதிவு செய்யுங்கள். கட்டட வேலையை அடுத்த மாதமும் தொடங்கலாம்.

கூரை ஓடுகளை வைத்துக் கட்டடத்தின் வயதைச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஓடு ஒன்றைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள், முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல், ஆகவே அந்தப் பெயர் இருந்தால் கூரை அதற்குப் பிந்தியது. கூரையை மாற்றியிருக்கலாம் என்பதால் சுவர் இன்னும் பழையதாக இருக்க இடமுண்டு.

அம்மாவும் அப்பாவும் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத் தொழிலாளரைக் குடியமர்த்திய வரிசை வீடான லயத்தை மரபுரிமை என்று சொல்வது எங்கள் அவமானத்துக்குப் பூ வைப்பது போல இல்லையா?

உங்கள் கோபம் நியாயமானது. லயத்தில் இன்றும் குடியிருக்கிறவர்களுக்கு முதலில் காணியும் தனி வீடும் கிடைக்க வேண்டும். மரபுரிமை என்ற பெயரில் அதை ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஆனால் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம். கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை ஹோட்டலாகிவிட்டது, கொழுந்து வாட்டிய மாடிகளில் இன்று படுக்கையறைகள். துரை பங்களாக்களுக்கும் குறையில்லை. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரை எல்லோருக்கும் தெரியும். 1869இல் வந்த இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்த கதையும் புத்தகங்களில் இருக்கிறது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் அந்த மலையில் உழைத்தவர்கள் எங்கே படுத்து எழும்பினார்கள் என்பதற்குச் சாட்சி லயம் மட்டும்தான். 10 அடிக்கு 12 அடியில் ஒரு காம்பரா, முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை, பின்பக்கம் ஜன்னலே வைக்க முடியாத சுவர், முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), மேலே தகரம். இதைப் படத்தில் பார்ப்பதும் அந்தக் காம்பராவுக்குள் கதவைச் சாத்திவிட்டு நிற்பதும் ஒன்றல்ல. கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை போய் வாருங்கள். மக்கள் புது வீட்டுக்குப் போன பிறகு பகுதிக்கு ஒரு லயமாவது நிற்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதில் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை அங்கே வாழ்ந்தவர்களே தீர்மானிக்கட்டும்.

கோப்பாயில் எங்கள் காணியில் கிணற்றுத் தண்ணீர் இறைத்த துலாவின் (ஏற்றத்தின்) ஆடுகால், அதாவது அதைத் தாங்கிய தூண், மட்டும் மிஞ்சியிருக்கிறது. வைத்திருப்பதில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் கிணறு, தண்ணீர் விழுந்த தொட்டி, வாய்க்கால் எல்லாம் சேர்ந்ததுதான் துலா இறைப்பு. தொட்டியை உடைத்து வாய்க்காலை மூடிவிட்டால் ஆடுகால் வெறும் தூண், பேரப்பிள்ளைக்கு அதை வைத்து ஒன்றும் விளங்காது. கிணற்றை எந்தக் காரணத்துக்கும் தூர்க்க வேண்டாம், யாழ்ப்பாணம் சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. வன்னிப் பக்கம் காணி உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: வீட்டில் நெல் சேமித்து வைத்த கொம்பறை நின்றால் உடனே அளந்து படம் எடுத்து வையுங்கள். கம்பும் மண்ணும் கொண்டு கட்டியது, கூரை போனால் சில மழைக்கே கரைந்துவிடும்.

தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தால் காணி போய்விடுமா?

பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத்தான் தொன்மையானவை என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் கேட்ட வாடியும் லயமும் அதற்குப் பிந்தியவை, வர்த்தமானியில் அறிவித்தால்தான் பாதுகாக்கப்பட்ட சின்னமாகும். அப்படி அறிவித்தாலும் தனியார் கட்டடம் உரிமையாளருடையதுதான், ஆனால் இடிக்கவோ மாற்றவோ அனுமதி எடுக்க வேண்டும். இந்த நிபந்தனையோடு உங்களால் வாழ முடியுமா என்று குடும்பமாக இருந்து பேசுங்கள். உறுதிப் பத்திரம், அளவுப்படம், நாலு பக்கமும் எடுத்த படங்கள், இவற்றை ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் காட்டிய பிறகு கொழும்பு 7இல் உள்ள திணைக்களத்துக்குப் போங்கள்.