ஊரில் கிடைத்த தாழியைச் சொல்லலாமா, மூடிவிடலாமா?

கேள்வி: தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டியபோது எங்கள் தோட்டத்தில் முதுமக்கள் தாழி (அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானை) ஒன்று தட்டுப்பட்டது. வெளியே சொன்னால் நிலமும் போகும், பொருளும் போகும், பேசாமல் மூடிவிடு என்கிறார்கள் பெரியவர்கள். தொல்லியல்காரர்கள் வந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: பெரியவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் 1876ல் ஜெர்மனியைச் சேர்ந்த யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின, அப்புறம் ஆங்கிலேயர் காலத்துத் தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பார்க்க ஒன்றுமே இல்லாமல் நூறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. 2023ல்தான் அங்கே குழிக்கு மேல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க வழி செய்தார்கள். இதை ரொம்ப முன்னாடியே செய்திருக்க வேண்டும்.

ஆனாலும் மூடாதீர்கள், சொல்லுங்கள். தாழியை நீங்களே வெளியே எடுத்தால் அது வெறும் பானை. எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், பக்கத்தில் எதோடு கிடந்தது என்பதில்தான் அதன் கதையே இருக்கிறது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 580 என்று காலம் காட்டியது, 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205 என்று காட்டியது. ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் கிட்டத்தட்ட நானூறு வருடம்! மண்வெட்டியால் அள்ளிக் கொட்டியிருந்தால் இரண்டும் ஒரே குவியலில் கலந்திருக்கும், எதையும் நிரூபித்திருக்க முடியாது. அதனால்தான் தொல்லியல்காரர்கள் ஆணி அடித்து, நூல் கட்டி, மண்ணை மெல்லச் சுரண்டி, ஒவ்வொரு ஓட்டுக்கும் ஆழம் எழுதி வைக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும், ஆனால் இப்படிப் பதிவு செய்வதுதான் தொல்லியல்காரர்களின் முக்கியமான வேலை.

நிலம் பற்றி: கீழடியில் குழி போட்டது தனியார் தென்னந்தோப்புகளில்தான், பதிவு செய்து முடித்ததும் பல குழிகளை மூடிவிட்டார்கள். பொருட்களுக்கு அங்கேயே 2023ல் அருங்காட்சியகம் வந்துவிட்டது. ‘ஆதன்’ என்று ஒரு பெயரைக் கீறிய பானை ஓட்டின் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பதைப் பாருங்கள், பாடப்புத்தகத்தால் அதைச் செய்யவே முடியாது. அந்த ஊரில் 1970களிலேயே மாணவர்கள் கொண்டுவந்த பொருட்களைச் சேர்த்து வைத்து, தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்தியவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். தாழிக்குள் கை விடாதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, இடம் தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைத்தால்தான் சிக்கல். தொல்லியல் துறையினர் வந்ததும் நிலம் என்னாகும், பொருள் எங்கே போகும் என்று நேருக்கு நேர் கேளுங்கள். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தி விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.