டெட் எண்ட் இல்லாத மீன்

கேள்வி: ‘டெட் எண்ட்’ என்ற புரதம் இல்லாத வரிக்குதிரை மீன் மலடாகிவிடும் என்று படித்தேன். கண், துடுப்பு எல்லாம் சரியாக வளரும்போது இனச்செல் மட்டும் எப்படிக் காணாமல் போகிறது? செத்துவிடுமா?

பதில்: செத்துவிடும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நடப்பது வேறு.

எந்தச் செல் இனச்செல் ஆக வேண்டும் என்பதற்கான சரக்கைத் தாய்மீன் சினையிலேயே வைத்து அனுப்புகிறது. கரு இரண்டாக, நான்காகப் பிளக்கும்போது அந்தச் சரக்கு பிளவின் ஓரங்களில் நான்கு திட்டாகச் சேரும். அது கிடைத்த செல்கள்தான் பின்னால் சினையோ விந்தோ ஆகும். அந்தச் சரக்கில் நானோஸ் போன்ற புரதங்களைச் செய்யச் சொல்லும் தூது ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், சில மணி நேரத்தில் கரு முழுக்க மிர்-430 என்ற குட்டி ஆர்.என்.ஏ. கிளம்பி, தாய் கொடுத்த பழைய தூதுகளை அழிக்கத் தொடங்கும். மற்ற செல்களுக்கு அது தேவை, இனச்செல்லுக்கோ அதுவே ஆபத்து. அங்கேதான் டெட் எண்ட் வேலை செய்கிறது: மிர்-430 வந்து ஒட்ட வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இது போய் ஒட்டிக்கொண்டு அதை அண்டவிடாமல் செய்துவிடும். இதை 2007-இல் கண்டுபிடித்தார்கள்.

சரி, டெட் எண்ட் இல்லை என்றால்? இனச்செல்கள் சாதாரணமாக முதல் 24 மணி நேரத்துக்குள், வேதிக் குறிப்பைப் பின்தொடர்ந்து, இனச்சுரப்பி உருவாகும் இடத்துக்கு நடந்தே போய்ச் சேரும். இந்தப் புரதம் இல்லாதவை கிளம்புவதே இல்லை. அவற்றில் பல, இருந்த இடத்துக்கு ஏற்ப தசைச் செல்லாகவும் நரம்புச் செல்லாகவும் மாறிவிடுகின்றன என்று ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2017-இல் காட்டினார்கள். படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது! அதாவது அவை எதுவாகவும் ஆகக்கூடியவை, அப்படி ஆகாமல் தடுத்து வைத்திருந்தது இந்த ஒரு புரதம்.

அப்புறம், இனச்செல் இல்லாத வரிக்குதிரை மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளரும். பெண்ணைத் துரத்தும், சினையிடவும் வைக்கும், ஆனால் அந்தச் சினை கருவாகாது. சால்மனில் அப்படி இல்லை. நார்வேயில் டெட் எண்ட் புரதத்துக்கான மரபணுவை முடக்கியபோது ஆணும் பெண்ணும் பிறந்தன, இனச்செல் மட்டும் இல்லை. பண்ணையிலிருந்து தப்பும் சால்மன் காட்டு சால்மனோடு கலப்பது அங்கே பெரிய கவலை என்பதால், இப்படிப்பட்ட மலட்டு மீனை வளர்க்கலாமா என்று தீவிரமாக ஆராய்கிறார்கள்.